வேர்வையில வழுக்கிருச்சு

அண்ணே, அந்தச் செல்போனைக் கொஞ்சம் அணைச்சிருங்க. கோவிச்சுக்கிராதீங்க. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலை, அணைக்கச் சொல்றேன். அந்தக் கூலிங் கிளாஸ்காரன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு ஓடுற பஸ்ஸுலேருந்து குதிக்கலாம்போல இருக்கு. 'ஸ்போர்ட்ஸ் குண்டூசி'ன்னு யூடியூப் சேனல் நடத்துறான். பேரைப் பாத்தீங்களா? குத்துறதுதான் தொழில்னு அவனே போர்டு மாட்டி வச்சிருக்கான்.

என்னைத் தெரியலையா? நல்லதாப் போச்சு. தெரியாத ஆள்கிட்டதான் இப்பல்லாம் வாய் வருது. எம்பேரு தவசி. உசிலம்பட்டிப் பக்கம். பொதிகை காளைகள்னு லீக்ல ஆடுற கபடி டீம் இருக்குல்ல, அதுல கேப்டன். இப்பத்தான் கேப்டன். முந்தி வேற ஆளு. எப்படிக் கேப்டன் ஆனேங்கிறதை விடுங்க, அது ஒரு வயித்தெரிச்சல்.

மதுரை வரைக்கும் தானே? அப்பக் கேளுங்க. நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

எபின்னு ஒருத்தன். எபநேசர். நான் இப்ப ஏறுனேன்ல, அந்த ஆறுமுகநேரிதான் அவன் ஊரு. உப்பளத்துக்காரன். ஆளு பாக்க ஒல்லியா இருப்பான், ஆனா பிடி இருக்கே, உடும்புப் பிடி. லெஃப்ட் கார்னர். கபடி பாத்திருக்கீங்களா? பாடி வர்றவனைப் பிடிக்க வரிசையா நிப்போம். ஓரத்துல நிக்கிறவன் கார்னர். பாடி வர்றவன் காலை நீட்டுனான்னா இவன் பாஞ்சு கணுக்காலைப் பிடிப்பான். ஆனா ஒத்த ஆளாப் பிடிச்சா நிக்காது, இழுத்துட்டுப் போயிருவாய்ங்க. அதனால அவனுக்கு அடுத்து நிக்கிறவன் அவன் கையைக் கோத்துப் பிடிச்சிருக்கணும். செயின்னு சொல்லுவோம். இவன் பாயும்போதே அவனும் கூடப் பாயணும். அந்த அடுத்த ஆளு நான்.

பல வருசம்ணே. மண்ணு கோர்ட்டுல ஆடுன காலத்துலேருந்து, இப்ப இந்த ரப்பர் மேட்டு வரைக்கும். அவன் கை எப்ப இறுகுதுன்னு எனக்குத் தெரியும். எதிராளி மூச்சு விடுறதுக்குள்ள எபி விரல் என் விரலை ஒரு அமுக்கு அமுக்கும். அவ்வளவுதான், பேச்சே கிடையாது, ரெண்டு பேரும் பாஞ்சிருப்போம். பேப்பர்ல எழுதுனாய்ங்க, இந்த ஜோடியைத் தாண்டிப் போறது கோட்டைச் சுவரைத் தாண்டுற மாதிரின்னு. அப்ப ஜோடின்னா அர்த்தம் வேற பாத்துக்கங்க. அப்ப அது நல்ல வார்த்தை.

கோயம்புத்தூர்ல ஒரு மேட்ச். கடைசிப் பாட்டு, ஒரே ஒரு பாயின்ட்தான் முன்னால இருக்கோம். பிடிச்சோம். ஜெயிச்சோம். எபி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு நெத்தியில ஒரு முத்தம் குடுத்தான். அன்னைக்கு யாருதான் குடுக்கலை? கோச்சு குடுத்தாரு, அவர் மீசை குத்துனது இன்னும் ஞாபகம் இருக்கு. அதெல்லாம் வீடியோவுல வரலைல்ல. எபி குடுத்தது மட்டும்தான் வந்துச்சு.

அந்தக் குண்டூசிக்காரன் என்ன பண்ணான்? அதை எடுத்து மெதுவா ஓட விட்டான். பின்னால புல்லாங்குழல். நாங்க கையைக் கோத்து நிக்கிற படத்துல கையைச் சுத்தி ஒரு செவப்பு வட்டம். "மேட்டுல கோத்த கை, ரூமுல என்ன பண்ணுது?" இதுதாண்ணே தலைப்பு. ஒரு கேள்விக்குறி போட்டா போதும், எவனையும் எதையும் கேக்கலாம். நாங்க வெளியூரு போனா ஒரே ரூமுல தங்குறதை வேற சொல்றான். பெரிய துப்பு! டீம்ல எல்லாருமே ரெண்டு ரெண்டு பேராத்தான் தங்குறோம்.

ஒரே நாள்ல ஊரு முழுக்கப் பரவிருச்சு. எம் மாமனார் போன் போட்டாரு. எப்பவும் "மாப்ள, எத்தனை பாயின்ட்?"னு கேக்குற மனுசன், அன்னைக்கு மெதுவா, "மாப்ள, டாக்டர் யாரையாச்சும் பாக்கணுமா?"ங்கிறாரு. என்னை! ரெண்டு பொம்பளப் பிள்ளையைப் பெத்தவனை! மூத்தவ பள்ளிக்கூடத்துலேருந்து அழுதுக்கிட்டு வந்தா. என் பொண்டாட்டி வேலுத்தாயி மட்டும்தான் ஒண்ணும் கேக்கலை. அவ கேக்காததே எனக்குக் கோவம். "ஏண்டி, நீயாச்சும் கேளேன்"னேன். "என்னத்தக் கேக்க? உங்களை எனக்குத் தெரியாதா? எபி அண்ணன் எப்படி இருக்காரு, அதைச் சொல்லுங்க"ங்கிறா. பாத்துக்கங்க. இங்க எம் மானம் கப்பலேறுது, இவளுக்கு எபி அண்ணன்.

மேட்டுல அதை விட மோசம். பாடி வர்றவன் கபடி கபடின்னு சொல்ற மூச்சுலயே எங்க பக்கம் வந்து உதட்டைக் குவிச்சுக் காட்டிட்டுப் போறான். காலை நீட்டுறதுக்கு முன்னால, "தொடாதீங்கடா, ஒட்டிக்கும்"ங்கிறான். கபடியில தொடாம என்னடா பண்ணுவ? கூட்டத்துலேருந்து ஒரு நம்பரைச் சொல்லிக் கத்துறாய்ங்க. எந்த நம்பருன்னு உங்களுக்கே தெரியும், என் வாயால சொல்ல வேணாம். குடும்பத்தோட வந்திருக்காய்ங்கண்ணே. பொண்டாட்டி பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே கத்துறாய்ங்க. அம்பயர் காது அன்னைக்குன்னு பாத்து அடைச்சுக்கிச்சு.

எபி அடுத்த பாட்டுக்குக் காலை ஊனி நிப்பான். நான்தான் கொதிச்சேன். "ஏண்டா கல்லு மாதிரி இருக்க?"ன்னா, "குரைச்சா பதிலுக்குக் குரைக்கணுமால? ஆட்டத்தப் பாரு மக்கா"ம்பான். அவன் பேச்சு அப்படி, நெல்லைப் பேச்சு. எனக்கு அப்படி இருக்க முடியுமா? எனக்குக் குடும்பம் இருக்கு.

நான் என்ன பண்ணேன்னா, மொதல்ல ரூமை மாத்திக்கிட்டேன். தப்பா? ஒரு சந்தேகம் வந்தா அதுக்கு எடம் குடுக்கக்கூடாதுல்ல. அவனுக்கும் சேத்துத்தான் நல்லது. நான் பெட்டியை எடுக்கும்போது எபி கட்டில்ல உக்காந்து கால்ல டேப்பு சுத்திக்கிட்டு இருந்தான். "எந்த ரூமுக்குப் போற?"ன்னான். சொன்னேன். "அங்க ஏசி சத்தம் போடும், பஞ்சு வச்சுக்க"ன்னான். அவ்வளவுதான்.

அப்புறம் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டோம். மேனேஜர் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் விடலை. எபியையும் இழுத்துட்டுப் போயி பக்கத்துல நிக்க வச்சேன். மைக்கைப் பிடிச்சு நறுக்குன்னு சொன்னேன்: "நாங்க ரெண்டு பேரும் ஆம்பளைங்க. அந்த மாதிரி அசிங்கம் பிடிச்சவன் எவனாச்சும் எங்க டீம்ல இருந்தா, அவன் காலை மொதல்ல உடைக்கிறவன் இந்தத் தவசிதான்." கை தட்டுனாய்ங்கண்ணே. எபி என்னைத் திரும்பிப் பாத்தான். எப்படிப் பாத்தான் தெரியுமா? கண்ணு கலங்கி. தனக்காக இப்படி ஒருத்தன் நெஞ்சை நிமித்திப் பேசுறானேன்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிட வரலை. மனசு நெறஞ்சா எனக்கும் பசிக்காது.

ஆனா அவெய்ங்க விட்டாய்ங்களா? அதையும் போட்டாய்ங்க. "தவசி கோவப்படுவது ஏன்?" மறுபடியும் ஒரு கேள்விக்குறி.

அடுத்த மேட்ச் திருச்சியில. ஹால் நெறஞ்ச கூட்டம். பாதிப் பேரு ஆட்டம் பாக்க வந்தவனே இல்லை, எங்க கையைப் பாக்க வந்தவன். பெரிய திரையில வேற எங்க கையைத்தான் காமிக்கிறாய்ங்க, கூட்டம் ஓன்னு கத்துது. நான் கையைப் பிடிச்சுத்தான் இருந்தேன். நீங்க ரீப்ளே பாத்திருந்தா தப்பா நெனச்சிருப்பீங்க, அதான் சொல்றேன். வேர்வைண்ணே. ஹாலுக்குள்ள காத்து இல்லை. வேர்வையில வழுக்கிருச்சு. எதிர் டீம் ஹரியானாக்காரன் ஒருத்தன் பாடி வர்றான், காலை நீட்டுறான், எபி என் விரலை அமுக்குறான். அமுக்குனது தெரிஞ்சுச்சு. அமுக்கிட்டுப் பாஞ்சுட்டான். என் கை அங்க இல்லை. வழுக்கிருச்சு.

ஒத்த ஆளாப் போயி விழுந்தான். காலைப் பிடிச்சுட்டான், விடவே இல்லை. அந்த ஹரியானாக்காரன் இவனைத் தரதரன்னு கோடு வரைக்கும் இழுத்துட்டுப் போனான். நம்ம ஆளுக மொத்தமா மேல வந்து விழுந்தாய்ங்க. இடது தோள் கீழ மாட்டிக்கிச்சு. அந்தச் சத்தம் இருக்கே, பச்சைக் கம்பை ஒடிச்ச மாதிரி.

அதுக்குக் காரணம் யாரு? சொல்லுங்க. அந்தக் குண்டூசிக்காரன் தானே? அவன் வட்டம் போடாம இருந்தா கூட்டம் கத்துமா? கூட்டம் கத்தாம இருந்தா எனக்கு அப்படி வேர்க்குமா? கேஸ் போடணும்ணே அவன் மேல. ஒரு மனுசனோட தோளை உடைச்ச கேஸு.

ஆபரேசன் பண்ணாய்ங்க. நான் போகலைன்னு நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். அங்க நாலஞ்சு கேமராக்காரன் நின்னான். உள்ள போயி நான் அவன் கட்டில் பக்கத்துல நிக்கிறதை எடுத்துப் போட்டான்னா அவனுக்குத் தானே கெட்ட பேரு? அதனால திரும்பிட்டேன். வேலுத்தாயி போனா. வர்றேன்னு என்கிட்டச் சொல்லிக்காமப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போனா. கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போயிருக்கா.

இதுக்கு அப்புறம்தான் உச்சக்கட்டம். குண்டூசிக்காரன் இன்னொரு வீடியோ போடப் போறதா அறிவிச்சான். என் வீட்டு வாசல்ல வந்து படம் பிடிச்சுட்டுப் போயிருக்கான், பிள்ளைக ஸ்கூல் வேன்ல ஏறுறதை எடுத்திருக்கான். "தவசி குடும்பம் பேசுமா?" எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. அருவாளைத் தேடுனேன்ணே, நெசமாத்தான். அதுக்குள்ள எபி ஒரு வேலை பண்ணிட்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, தோள்ல கட்டோட, தானே செல்லைப் பிடிச்சு ஒரு வீடியோ எடுத்துப் போட்டான். ரெம்ப நேரமெல்லாம் இல்லை, சின்னதுதான். "எல்லாருக்கும் வணக்கம். என்னையப் பத்தி நீங்க கேக்கது உண்மைதான். எனக்குப் பொம்பளைங்க மேல நாட்டம் கிடையாது, ஆம்பளைங்க மேலதான். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். அதுல நான் வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா தவசியப் பத்திச் சொல்லுதது பொய். அவனுக்கு என்னையப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அவன் பொண்டாட்டி பிள்ளைகள விட்டுருங்க. யாருக்காவது கேக்கணும்னா எங்கிட்ட வந்து கேளுங்க."

முடிஞ்சு போச்சு. என் வீட்டு வாசல்ல ஒரு கேமரா கிடையாது மறுநாள். எல்லாரும் அவன் பின்னால போயிட்டாய்ங்க. மாமனார் போன் போட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள"ங்கிறாரு. என்னத்தைச் சொன்னாரு? டீம்ல என்னைக் கட்டிப் பிடிச்சாய்ங்க. இல்லை, கட்டிப் பிடிக்கலை, தோள்ல தட்டுனாய்ங்க. இப்ப எங்க டீம்ல யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கிறதில்லை. அவனை "உடல் தகுதி இல்லை"ன்னு விடுவிச்சாய்ங்க. அவன் சீனியர், அடுத்த கேப்டன் அவன்தான்னு பேச்சு இருந்துச்சு. அதை எனக்குக் குடுத்தாய்ங்க.

எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? யாரு கேட்டா அவனை? நான் ஊரு பூரா நின்னு தொண்டை கிழியப் பேசி வச்சிருக்கேன், நாங்க அப்படியில்லை அப்படியில்லைன்னு. ஒரு வீடியோவுல என் வார்த்தையைப் பொய்யாக்கிட்டான். பத்திரிகைக்காரங்க முன்னால என்னைக் கோமாளியா நிக்க வச்சுட்டான். அதைக் கூட விடுங்க. இத்தனை வருசம் பக்கத்துல படுத்துத் தூங்குனவன், ஒரே தட்டுல தின்னவன், எங்கிட்டச் சொல்லலையே! ஊருக்குச் செல்லுல சொன்னான், எங்கிட்டச் சொல்லலை. சொன்னா என்ன, நான் அவன் காலையா உடைச்சிருப்பேன்?

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க?

வேலுத்தாயியும் இப்படித்தான் பாத்தா. "அவரு உங்களுக்காக ஒண்ணு சொன்னாரு. நீங்க அவருக்காக என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டா. "மைக்கைப் பிடிச்சு நான் பேசுனதை நீ பாக்கலையா?"ன்னேன். "பாத்தேன், அதான் கேக்குறேன்"ட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ பேச்சுல எப்பவும் பாதிதான் புரியும்.

இன்னைக்கு எதுக்கு ஆறுமுகநேரி வந்தேன்னு கேளுங்க. அவனுக்கு நல்லது பண்ண வந்தேன். செயின் சரியா அமையாம டீம் தொடர்ந்து தோத்துக்கிட்டு இருக்கு. ஓனர்கிட்ட நான்தான் பேசுனேன். "எபியை அசிஸ்டென்ட் கோச்சா எடுங்க, கார்னர் பிடி சொல்லிக் குடுக்க அவனை விட்டா ஆளு இல்லை." அவரு ஒத்துக்கிட்டாரு. ஒரே ஒரு கண்டிசன். அந்த வீடியோவை மருந்து மயக்கத்துல பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரணும். அவ்வளவுதாண்ணே. ஒரு வார்த்தை. சோறு போடுற வார்த்தை.

சர்ச்சுக்குப் பின்னால ஒரு பொட்டல். அங்க பொம்பளப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தான். இடது கையைத் தோளுக்கு மேல தூக்க வரலை அவனுக்கு. என்னைப் பாத்ததும், "வந்துட்டியால"ன்னான். நேத்துப் பாத்த மாதிரி. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இவன் யாரு தெரியுமா? தவசி. இவன் கால் வைக்குத முறையப் பாத்துப் படிங்க"ன்னு காமிச்சான். ஒரு பிள்ளை என் காலைப் பாக்கலை, என் கையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

வெவரத்தைச் சொன்னேன். வேப்ப மரத்துக்குக் கீழ உக்காந்து பொறுமையாக் கேட்டான்.

"மாத்திச் சொன்னா ஒனக்கு நிம்மதியா இருக்குமால?"ன்னான்.

"ஆமா"ன்னேன். "ஒனக்கும் தாண்டா."

"எனக்கு எப்படி? ஒரு தடவ மூச்சு விட்டாச்சு. திரும்ப அடக்கச் சொல்லுத."

"அப்ப ஆட்டம் வேணாமா ஒனக்கு?"

"ஆட்டத்த நான் விடலயே"ன்னு பிள்ளைகளைக் காமிச்சான். அப்புறம், "தவசி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். திருச்சியில ஏன் மக்கா கைய விட்ட?"ன்னான்.

நான் எடுத்துச் சொன்னேன். ஹாலுல காத்து இல்லை, வேர்வை, வழுக்கிருச்சு. உங்ககிட்டச் சொன்ன மாதிரியேதான், ஒரு வார்த்தை கூடக் கொறையாம.

கேட்டுட்டுச் சிரிச்சாண்ணே. கோவமே இல்லாத சிரிப்பு. அதுதான் என்னால தாங்க முடியலை. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். "சரி மக்கா. வேர்வைன்னே வச்சுக்கிடுவோம்"ன்னான்.

வச்சுக்கிடுவோம்னா என்ன அர்த்தம்? நான் பொய் சொல்றேன்னா? எந்திரிச்சேன். "நீ நாசமாப் போ, எனக்கென்ன"ன்னேன். கோவத்துல வர்றதுதானே. அவன் பாட்டுக்குக் கூடவே நடந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். வழியெல்லாம் வேலுத்தாயி எப்படி இருக்கா, சின்னவளுக்குப் பல்லு விழுந்துச்சாமே, அப்படின்னு கேட்டுக்கிட்டே வர்றான். அவளுக்குப் பல்லு விழுந்ததே எனக்குத் தெரியாது.

இந்தப் பஸ் வந்து நின்னுச்சு. "சரில, பாத்துப் போ"ன்னு எபி கையை நீட்டுனான். அந்த அடிபட்ட கைதான், இடுப்பு உயரத்துக்குத்தான் வந்துச்சு. அப்பப் பாத்து எதுத்த டீக்கடையில ஒருத்தன் செல்லைத் தூக்குறான், எங்க ரெண்டு பேரையும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு. நாதாரிப் பய. இவெய்ங்களுக்கு வேற வேலையே கிடையாதா?

நான் கை குடுத்திருப்பேண்ணே. பிள்ளைக மேல சத்தியமா குடுத்திருப்பேன். அதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டாரு. டிரைவர் ஆரனை அமுக்குறாரு, கண்டக்டர் விசில் அடிக்கிறாரு, அரக்கப்பரக்க ஓடியாந்து ஏறுனேன். திரும்பிப் பாக்கக்கூட நேரமில்லை. நீங்களும்தான் பாத்திருப்பீங்களே, சன்னலோரம்தானே இருந்தீங்க.

என்னண்ணே?

எடுக்கலையா?

நான் ஏறி உக்காந்த பிறகுதான் டிரைவரே எறங்குனாரா? டீ குடிச்சு, முறுக்கு வாங்கி, நிதானமா வந்து ஏறுனாரா?

யாரு... ஒல்லியா, ஒரு கையைத் தூக்க முடியாம, இந்தச் சன்னலுக்குக் கீழயே நின்னுக்கிட்டு இருந்தானா? பஸ் கெளம்புற வரைக்குமா?

இல்லைண்ணே. அது வேற யாராச்சும் இருக்கும். நீங்க வேற யாரையோ பாத்திருப்பீங்க.